செத்த பிறகு மட்டும் நான்

ஜனவரி 18, சனி

இது என் ஒன்பதாவது பேய். ஆனால் இந்த முறை, சாவதற்கு முந்தைய காட்சிகளும் எனக்குத்தான் என்று டைரக்டர் சித்தார்த் வாக்குக் கொடுத்திருக்கிறார். மீன் விற்கிறவள், புருஷனோடு சண்டை போடுகிறவள், சிரிக்கிறவள். எட்டுப் படத்தில் என் மூஞ்சியை ஒருத்தரும் பார்த்ததில்லை.

வீட்டுக்காரன் தீனாவிடம் சொன்னேன். "பேயைப் பார்க்க இன்னாத்துக்கு தியேட்டருக்குப் போவணும்? வூட்லயே கீதே!" என்றான். எட்டுப் படத்துக்கும் இதே பேச்சுதான். இந்த வாட்டி வந்து பார்டா.

பிப்ரவரி 3, திங்கள்

மேக்கப் நாற்காலியில் நாலு மணி நேரம். அத்தாவுல்லா பாய் பசை தடவி ரப்பர் தோலை ஒட்டி முடித்தார். வெளியே வந்தால் — என் புடவையில் வேறொருத்தி! என் மீன் கூடை அவள் இடுப்பில்! பம்பாயிலிருந்து வந்த பெண்ணாம். உயிரோடு இருக்கும்போது அவள், செத்த பிறகு நான்.

சித்தார்த்திடம் கேட்டேன். "புரொடியூசர் முடிவுக்கா. சாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் லட்சணமா இருந்தாத்தானே பாக்கறவங்களுக்குப் பாவமா இருக்கும்?" என்றார்.

அப்போ நான் செத்தா பாவமா இருக்காதா? இன்னா பேச்சு இது? எண்ணூர்ல மீன் விக்கறவ எவ அந்தக் கலர்ல கீறா? அந்தப் பொண்ணு மேல கோவமில்ல, அதுக்கு இன்னா தெரியும். வாக்குக் குடுத்தவன் மேலதான். அவன் மூஞ்சிக்கு நேரா கேக்காம, வாயை மூடிக்கினு போய் பேயா உத்தரத்துல தொங்கினேன் பாரு — என்னைச் சொல்லணும்.

பிப்ரவரி 4

இன்றும் தொங்கினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எண்ணூர் நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில் கடைசிக் காட்சி. பேய் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து அலற வேண்டும். அலறியதும் முகம் பம்பாய்ப் பெண்ணாக மாறுமாம், கம்ப்யூட்டரில். ரப்பர் தோல் இது ஒன்றுதான் மிச்சம், ஒரே டேக் என்றார் பாய்.

முங்கினேன். கலீஜ் தண்ணி, வாயெல்லாம் அனல் மின் நிலையத்துச் சாம்பல். எழுந்து நடந்தேன். அலறவில்லை. நெற்றியில் நகத்தை விட்டுத் தோலைப் பிய்த்தேன். கன்னம் தீயாய் எரிந்தது, விடவில்லை. தாடை வரை உரித்துப் போட்டுவிட்டு கேமராவைப் பார்த்தேன். முதலில் எனக்கென்று எழுதியிருந்த மீன்காரி வசனத்தைச் சொன்னேன். "இன்னா பார்க்கறே? நான்தான்."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் சித்தார்த் ஓடி வந்தார். "என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க! எல்லாம் போச்சு!" பாய் வந்து என் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார்.

இனி எவனும் கூப்பிட மாட்டான். கூப்பிடாட்டி போ!

ஜூன் 20, வெள்ளி

திருவொற்றியூர் தியேட்டரில் படத்தின் முதல் காட்சி. தீனாவும் வந்தான். வெட்டியிருப்பார்கள் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வெட்டவில்லை.

அதுவரை பேய்க்கு விசிலடித்துக் கத்திய கூட்டம், என் மூஞ்சி வந்ததும் கப்சிப். தீனா எழுந்தே நின்றுவிட்டான். பின்னாலிருந்து ஒருவர், "குந்துய்யா, மறைக்குது" என்றார்.

"என் பொண்டாட்டிய்யா அது" என்றான். உட்காரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வேறு கம்பெனியிலிருந்து போன். பேய் வேஷம்தான். "செத்த பிறகா, முன்னாடியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே நீங்கதான்க்கா."

எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.