சாயப்பட்டறைக் குழியில் கிடைத்த தாடை

வைகாசி 12, செவ்வாய்

இன்று என் அண்ணனின் நெற்றியை உடைத்தேன்.

வீரபாண்டியில் அவர் கட்டும் சாயப்பட்டறைக்குத் தொட்டிக் குழி தோண்டும்போது, ஜேசிபி வாளியில் கல்லாக இறுகிப்போன ஒரு தாடை வந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார். மண்ணைக் கழுவியதும் ஐந்து பற்கள் தெரிந்தன. ஏதோ குளம்புள்ள விலங்கு. மாடில்லை, குதிரையுமில்லை. எந்தக் காலத்திலோ அழிந்துபோன இனம். அது வாழ்ந்ததற்கு இந்தத் தாடையைத் தவிர வேறு சாட்சியே இல்லாமலும் இருக்கலாம்.

"அண்ணா, யுனிவர்சிட்டிக்குச் சொல்லீரலாமுங்க" என்றேன்.

"சொன்னா ஆபீசருங்க வந்து வேலையை நிறுத்திப் போடுவாங்க கண்ணு. மாட்டெலும்புன்னு நெனச்சு மறந்துரு."

சம்மட்டியை எடுத்தார். நான் தாடையின் மேல் கவிழ்ந்து மறைத்தேன். தோளைப் பிடித்து என்னைச் சேற்றில் தள்ளிவிட்டு அடித்தார். முதல் அடியிலேயே பற்கள் தெறித்தன. மூன்றாவது அடியில் எல்லாம் தூளாகிவிட்டது.

என் கைக்கு ஒரு கருங்கல் அகப்பட்டது. நான் அதை எறியவில்லை. எழுந்து, அவர் அருகில் போய், நெற்றியில் அடித்தேன். ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. மறுபடியும் ஓங்கினேன். ஜேசிபி டிரைவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு தையல் போட்டார்கள்.

சாயங்காலம் அம்மா போனில் அழுதார். "குழீல வழுக்கி உளுந்துட்டேன்னு அண்ணன் சொன்னான். நீ கூட இருந்தும் புடிக்கலையா கண்ணு?"

"புடிக்க முடியலீங்கம்மா" என்றேன்.

டிரைவர் பிடித்திருக்காவிட்டால் இரண்டாவது அடியும் விழுந்திருக்கும். நான் ஓங்கியதை அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.