கப்பலில் வராத பெட்டி

பாரோயில் இருக்கும் என் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் உன் அத்தான் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் கடிதம். ரொட்டி விற்க வரும் மோட்டார்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் மிஞ்சியது எங்கள் வீடு மட்டும்தான். அதை அருங்காட்சியகமாக்கி, அத்தானும் அவருடைய கூட்டாளிகளும் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள். ஊரே புகழ்கிறது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, மரம் சீவும் உளி, விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்த மணி என்று எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியாயிற்று. என் கேஸ் அடுப்பைத் தூக்கிவிட்டார்கள். சிரம்பானிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வந்தால் நான் விறகடுப்பை ஊதிக்காட்ட வேண்டும். "சிரிக்காதீங்க ஆன்ட்டி, அந்தக் காலம் மாதிரியே இருங்க" என்கிறார்கள். அது எனக்குச் சுலபமாகவே வருகிறது.

உன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னேன் அல்லவா? அம்மாவின் தகரப் பெட்டியில் துணியெல்லாம் அடுக்கிவைத்திருந்தேன். என் அடையாள அட்டை, ஐசியும் அதில்தான். கோயிலுக்குப் போய் வருவதற்குள் பெட்டி கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது. 'இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பெட்டி. தொடாதீர்கள்' என்று சீட்டு. அம்மா அதைச் சிரம்பானில் வாங்கியது உனக்குத் தெரியும். அலமாரிச் சாவி அத்தான் இடுப்பில்.

"உள்ளே என் துணி இருக்குங்க" என்றேன்.

"தெரியும்லா. கனமா இருந்தாத்தான் அசலா இருக்கும்" என்றார்.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் வருகிற நேரத்துக்கு நீயும் வா. எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேள். கூட்டத்துக்கு முன்னால் அவர் யாருக்கும் மறுப்பதில்லை.

காரில் வா. பெட்டி கனம்.

உன் அக்கா