கேட்டால் மட்டும் மாற்றித் தருவார்களாம்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

அன்பு மகன் வசந்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு நன்றாகவே இருக்கிறது. நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையிலும் கேட்டுக்கொண்டேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் எதைத் தொடங்கினாலும் பாதியிலேயே "ஓகேம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மூலை மருந்துக் கடை அப்துல் சமத்தின் மகள் ஜோயா அடுத்த வாரம் அங்கே படிக்க வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மக்கன் பேடாவும் வைக்கலாம் என்றால் பாகு ஒழுகித் துணியெல்லாம் பாழாகும் என்று அவள் அம்மா பயப்படுகிறாள், அதனால் பருப்புப் பொடி மட்டும்.

ரஃபத் ஆன்ட்டி போய்விட்டாள் என்று சொன்னதும் நீ கைகூப்பிய பொம்மைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாய். நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டு கிடந்த நாட்களில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டவள் அவள், நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கும் சயின்ஸுமாக இருந்து ஒன்றாகவே ரிட்டையர் ஆனோம், உன் அப்பா போனபோது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் பிரியாணிக்கு எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருக்க என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அவளுக்கு ஒரு பொம்மை. போகட்டும். அன்றைக்குப் புனே விமான நிலையத்திலிருந்து உனக்குப் போன் செய்தேனே, நீ கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு "அம்மா, அது மாத்தவே முடியாத டிக்கெட், பேசி ஒண்ணும் ஆகாது, பேஜார் பண்ணிக்காம இருக்கிற ஃப்ளைட்ல வா" என்றாயே, அதற்கப்புறம் என்ன நடந்தது என்று இன்றுவரை நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

உன் பெரியப்பா மகள் ஷீலாவின் குழந்தைக்குப் புனேயில் ஞானஸ்நானம். நானும் பெரியப்பாவும்தான் போனோம். உன் அப்பாவுக்கு அண்ணன் என்பதால் அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது. ஆனால் தோல் கண்காட்சிக்காக ஒரே ஒரு தடவை இத்தாலி போய் வந்த மனிதர், ஆகாயத்தையே தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்டதுபோலப் பேசுவார். ரெண்டு பேருக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார், எல்லாத் தகவலும் அவர் போனுக்குத்தான் வரும், "ஹெலன், நீ பேக் மட்டும் தூக்கிட்டு வா, மீதி நான் பாத்துக்குறேன்" என்றார். திரும்புகிற அன்று, புதன்கிழமை, சாயங்கால விமானம். காலையில் ஷீலா வீட்டில் தோசை தின்றுகொண்டிருக்கும்போது ரஃபத்தின் பெரிய மகன் நவீத் கூப்பிட்டான். "டீச்சர், அம்மா விடிகாலையில மௌத் ஆகிட்டாங்க, பொழுது சாய்ஞ்சு மக்ரிப் தொழுகை முடிஞ்சதும் அடக்கம், உங்களால வர முடியுமா" என்று கேட்டான். வர்றேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. சாயங்கால விமானத்தில் வந்தால் நான் சென்னையில் இறங்கும்போது அவள் மண்ணுக்குள் இருப்பாள்.

அதே கம்பெனிக்கு மத்தியானமும் ஒரு விமானம் சென்னைக்கு இருக்கிறது என்று ஷீலாவின் வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னார். பெரியப்பா கை துடைத்துக்கொண்டே சிரித்தார். "இது இன்னா வாணியம்பாடி பஸ்ஸா, இது போனா அது, அது போனா இதுன்னு ஏறிக்க? ஏர்லைன் ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குது. அதுவும் இல்லாம பக்கத்துத் தெருக்காரங்களுக்கு இவ்ளோ பதறணுமா" என்றார். மேஜையில் எல்லாரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு வெளியே வந்துவிட்டேன். என்னைத் தனியாக அனுப்பினால் ஊரில் என்ன பேசுவார்களோ என்று அவரும் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார், வழியெல்லாம் இத்தாலியில் விதிமுறையை எப்படி மதிக்கிறார்கள் என்று பாடம்.

கவுண்டரில் ஒரு பையன், கழுத்தில் டை, முகத்தில் ஒன்றுமில்லை. காரணத்தைச் சொன்னேன். "சாரி ஃபார் யுவர் லாஸ் மேம்" என்றான், அடுத்த மூச்சிலேயே மாற்றுவதற்கு ஒரு கட்டணம், அதற்குமேல் இன்றைய விலைக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசம் என்றான். அந்த விலையில் நான் ஷீலா வீட்டுக்கு மூன்று தடவை வந்து போகலாம். விமானத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், நிறையவே இருக்கிறதாம். காலியாகப் பறக்கிற சீட்டில் ஒரு கிழவியை உட்கார வைத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்றேன். சில கம்பெனிகளில் இடமிருந்தால் முந்தின விமானத்தில் சும்மாவே ஏற்றிக்கொள்வார்களாம், இவர்களிடம் அந்தப் பழக்கம் இல்லையாம், பாலிசி மேம், பாலிசி. ஐந்து தடவை அந்த வார்த்தையைச் சொன்னான். வாய்ப்பாடு தெரியாத பையன்கள் தெரிந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள் பார், அந்த மாதிரி. அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீயும் அவனோடு சேர்ந்துகொண்டாய்.

நான் அங்கேயே நின்றேன். எங்கே போவது? தலைக்குமேல் பெரிய போர்டில் விமானங்களின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் எங்கள் சாயங்கால விமானத்தைப் பார்த்தேன், நேரம் வேறாக இருந்தது. சாயங்காலம் இல்லை, ராத்திரி சாப்பாட்டுக்கும் அப்புறம். பெரியப்பாவிடம் கேட்டேன். "ஆமா, போன வாரமே மெசேஜ் வந்துச்சு, நான் ஓகே அமுக்கிட்டேன், இதையெல்லாம் உன்கிட்ட சொல்லிக்கினு இருப்பாங்களா" என்றார். மனிதர் ஒரு வாரமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

திரும்பவும் அந்தப் பையனிடம் போனேன். தம்பி, நான் மாற்றினால் கட்டணம், நீங்கள் மாற்றினீர்களே, நீங்கள் எனக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டேன். முதல் தடவையாக அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. "அது ஷெட்யூல் சேஞ்ச் மேம், அது வேற" என்றான். வேறு என்றால் என்ன வேறு, அதற்கு உங்கள் விதி என்ன சொல்கிறது, வாசி, நான் கேட்கிறேன் என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பெரியப்பா என் முந்தானையை இழுக்காத குறையாக "ஹெலன், மானம் போவுது, வா" என்றார். போகிற மானம் யாருடையது என்று எனக்குத் தெரியும், அதனால் நகரவில்லை. பையன் உள்ளே போய் ஒரு மேலதிகாரி அம்மாவை அழைத்து வந்தான். அவள் ரெண்டு பொத்தானைத் தட்டிவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, பால் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். கம்பெனியே நேரத்தை ரெண்டு மணி நேரத்துக்குமேல் தள்ளினால், அதே ஊருக்குப் போகிற எங்களுடைய வேறு விமானத்துக்கு ஒரு பைசா இல்லாமல் மாறிக்கொள்ளலாம், சில நாட்கள் முன்னாலோ பின்னாலோ எந்த நாளானாலும். அப்படியானால் இவன் ஏன் சொல்லவில்லை என்றேன். "கேட்டா குடுப்போம் மேம்" என்றாள். கேட்காதவர்களுக்கு? சிரித்தாள்.

வசந்த், அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. குழந்தை கையிலிருக்கும் மிட்டாயைப் பறித்துவிட்டு, அது அழுதால் மட்டும் திருப்பிக் கொடுக்கிற ஆளை நம் தெருவில் என்னவென்று சொல்லுவோம்? இவர்களுக்கு அதற்கு டை, கோட்டு, ஏசி.

அதோடும் முடியவில்லை. புது நேரத்துக்கு ஓகே கொடுத்துவிட்டதால் அந்த உரிமை போய்விட்டது என்றாள். ஓகே கொடுத்தது இவர், நான் இல்லை, என்னை யாரும் கேட்கவில்லை, என் பெயரில் இருக்கிற டிக்கெட்டுக்கு இவர் எப்படித் தலையாட்ட முடியும் என்றேன். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். இத்தாலி வரை போனவர் பெட்டியின் பிடியைத் துடைக்கத் தொடங்கினார். கடைசியில் எங்கள் ரெண்டு பேரையும் தனித்தனி டிக்கெட்டாகப் பிரித்து என்னை மட்டும் மத்தியான விமானத்தில் போட்டாள். நல்லவேளை, பெட்டியை முன்னாலேயே உள்ளே அனுப்பிவிடவில்லை, அனுப்பியிருந்தால் அதை வைத்தே மறுத்திருப்பார்கள். பெரியப்பாவுக்கும் மாற்றித் தரட்டுமா என்று கேட்டாள். "நான் ஓகே சொன்னா ஓகேதான், வாக்கு மாற மாட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ராத்திரி விமானத்துக்கு அங்கேயே உட்கார்ந்தார். அப்படிப்பட்ட வாக்குக்கு ஒரு சிலை வைக்கலாம்.

சென்னையில் நவீத் அனுப்பிய டிரைவர் சமீருல்லா காத்திருந்தார். காஞ்சிபுரம் தாண்டும்வரை நன்றாகத்தான் வந்தோம். மாதனூருக்கு அப்புறம் ஷூ கம்பெனிகள் விடுகிற நேரம், ரோடு முழுக்கப் பெண்களை ஏற்றிய பஸ்கள், கார் நகரவே இல்லை. நவீத் கூப்பிட்டு "எங்க இருக்கீங்க டீச்சர்" என்றான், இன்னொரு தடவை கூப்பிட்டான், அப்புறம் கூப்பிடவில்லை. வண்டியில் நான் ஜெபம்கூடச் செய்யவில்லை, முன்னால் நின்ற பஸ்ஸின் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவுக்குள் திரும்பும்போது பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆண்கள் அவர்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். உள்ளே அவள் மகள் முபஷ்ஷிரா முகத்துணியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், மூடச் சொன்ன பெரியவர்களிடம் "ஹெலன் டீச்சர் வர்றாங்க, ரோட்டுல இருக்காங்க, அவங்க பாக்காம மூட மாட்டேன்" என்று சண்டையே போட்டாளாம். பார்த்தேன். கன்னம் ரொம்ப ஒடுங்கியிருந்தது. நெற்றி மட்டும் அவளுடைய நெற்றியாகவே இருந்தது. அவள் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன். அப்புறம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் உன் பெரியப்பா துக்கம் விசாரிக்க வந்து, நான்தான் கவுண்டரில் பேசி ஹெலனை முன்னாடியே அனுப்பி வெச்சேன் என்று நவீத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழவு வீடு என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன். அவரைத் திருத்துவதற்கு எனக்கு ஆயுசும் போதாது.

அன்றைக்குத்தான் ரஃபத்தின் சின்ன மகன் தன்சீல் ஷார்ஜாவிலிருந்து வேறு டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தான். நேரே அவளை அடக்கம் செய்த கபரஸ்தானுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தவன், காலில் ஈர மண்ணோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட் இருந்துச்சு டீச்சர், அம்மாவைப் பாக்கத்தான் போட்டேன். காலைல இருந்ததை நடுராத்திரிக்கு மாத்திட்டோம்னு போன ஞாயித்துக்கிழமை மெசேஜ் வந்துச்சு, சரின்னு ஓகே குடுத்துட்டேன். உடம்பு ரொம்ப மோசம்னு அண்ணன் சொன்னதும் முன்னாடி மாத்திக்கலாம்னு ஆப்ல பாத்தேன், முடியாதுன்னு காட்டுச்சு, ரெண்டு நாள்தானேன்னு இருந்துட்டேன்" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க மட்டும் எப்படி டீச்சர் அன்னிக்கே வந்தீங்க" என்று கேட்டான். அத்தனை பேரையும் அத்தனை திட்டித் தீர்த்த எனக்கு அந்தப் பையனிடம், ஆளிடம் கேட்டிருந்தால் நீயும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எனக்கு இடம் கிடைத்துவிட்டது, உனக்குக் கிடைத்திருக்காது என்று பொய் சொன்னேன். "அப்ப ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுல்ல" என்றான். முடியாது என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

நவீத்திடமும் நான் சொல்லவில்லை, நீயும் தன்சீலிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் எந்த மெசேஜ் வந்தாலும் படிக்காமலேயே ஓகே அமுக்குகிற ஆள். டிசம்பரில் வருகிற உன் டிக்கெட்டைப் பற்றி ஏதாவது வந்தால் நின்று படி, ஆப் முடியாது என்றால் ஆளிடம் கேள், ஆள் முடியாது என்றால் அவனுக்கு மேலே இருக்கிறவளிடம் கேள். வெட்கம் ஒரு நாளில் போய்விடும்.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. பருப்புப் பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. முபஷ்ஷிராவின் நம்பர் ஜோயாவிடம் இருக்கிறது, படம் அனுப்பாமல் குரலில் பேசு.

உன்னை நினைக்காத நாளில்லாத அம்மா,
ஹெலன்.