பாரமோ மேட்டிலிருந்து கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை

என் கண்ணு எவெலியோவுக்கு, அம்மா எர்மெலிந்தா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நலமாயிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

இடி விழுந்ததிலிருந்து ஊர் டவர் வேலை செய்யவில்லை. நாற்பது நாளாக உன் குரல் கேட்காமல் சோறு தண்ணி இறங்கவில்லை எனக்கு. போன சனிக்கிழமை விடியுமுன் அப்பாவை எழுப்பாமல், அவருடைய ருவானாக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மடியில் ஒரு கோதுமை அரேப்பா ரொட்டியோடு தனியாகவே பாரமோப் புல்மேட்டுக்கு ஏறினேன். கொல்லைக்கு மேலே ஒன்றரை மணி நேர ஏற்றம்தான், ஆனாலும் இந்த வயதில் பத்தடிக்கு ஒருதரம் நின்றேன். மரமெல்லாம் கீழே நின்றுவிட்டது, புல்லில் உறைபனி நொறுங்கியது, ஃபிரைலெஹோன் செடிகள் கம்பளி இலையோடு ஆள் மாதிரி நின்றன, ஒவ்வொன்றையும் நீ என்றே நினைத்தேன். பாறைமேல் ஏறியதும் சிக்னல் வந்தது. மூன்று தடவை கூப்பிட்டேன், மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. பிறகுதான் லிமாவில் உன்னோடு அறையில் இருந்த வில்மெரைக் கூப்பிட்டேன்.

முதலில் நீ வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னான். பிறகு அவனே, "அம்மா, பொய் சொல்லச் சொல்லித்தான் போனான், எனக்கும் ஒரு அம்மா இருக்காங்க, முடியல" என்று அழுதுவிட்டான். மரப் பட்டறை ரம்பத்தில் உன் இடது கையில் மூன்று விரல் போனதும், "வயலின் பிடிக்க முடியாத கையோட நான் எதுக்கு இருக்கணும்"னு ராத்திரியெல்லாம் நீ உட்கார்ந்திருந்ததும், பத்து நாளாக எங்கே இருக்கிறாய் என்று தெரியாததும் அப்போதுதான் தெரிந்தது. பாரமோவில் சத்தம் போட்டால் அது கோபித்து மூடுபனியை இறக்கும் என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான். அன்றைக்கு உன் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். பனி இறங்கத்தான் இறங்கியது. தடம் தெரியாமல் ஒரு செடியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் திருப்பிக் கொடு, இல்லை என்னை வைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். வெயில் ஏறிய பிறகே இறங்க முடிந்தது.

அப்பாவிடம் மறைக்கப் பார்த்தேன், முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "கிழங்கு தோண்ட ஏழு விரல் போதும்னு அந்தக் கழுதைக்கு எழுது" என்றார். சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போய் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

உன் பை இன்னும் வில்மெரிடம்தான் இருக்கிறதாம். லாரிக்கார பெனிக்னோவின் தங்கை லிமாவுக்குப் புறப்படுகிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், பைக்குள் வைக்கச் சொல்லி. அதை எடுக்க நீ வருவாய் என்பதைத் தவிர எனக்கு வேறு பிடிமானம் இல்லையப்பா. காயத்தை நனையவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. தனியாக மட்டும் இருக்காதே, வில்மெரிடமே திரும்பிப் போ.

கடவுளும் கன்னித்தாயும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்கு அந்தப் பாறைமேல் நிற்பேன், மழையானாலும் பனியானாலும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். போனை எடுத்து மூச்சு மட்டும் விடு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
எர்மெலிந்தா