மொட்டைமாடி மோட்டார் பழுதடையாத விவரம்

கடிதம் எண் 41
14 செப்டம்பர் 2023, வியாழக்கிழமை, காலை 10.40

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடலளவில் நலம். நீ உடலளவிலும் மனதளவிலும் நலமாயிருக்க விழைகிறேன். எங்களைப் பொறுத்தவரை மனதை ஏன் குறிப்பிடாமல் விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இம்மாதம் 2ஆம் தேதி சனிக்கிழமை மாலை, மொட்டைமாடியிலிருந்து கரகரவென்று ஒரு சுரண்டலும், அதனடியில் தும் தும் என்று ஓர் அதிர்வும் கேட்டன. ஆயுள் முழுக்கத் தண்ணீர் மோட்டார்களோடு மாரடித்த என் காதுக்கு, அது பேரிங் காய்ந்த சத்தமேதான். குடியிருப்புச் செயலாளர் என்ற முறையில் மெக்கானிக்கை வரவழைத்தேன். சார், மோட்டாரு ஆஃப்ல இருக்கு என்றான். ஆஃப்ல இருக்கும்போதே இந்தச் சத்தம்னா ஓடினா என்ன ஆகும், கழட்டுப்பா என்றேன். தொட்டி வால்வை மூடிவிட்டுக் கழற்றிய மோட்டார் பாகம் பாகமாகத் தரையில் கிடந்தபோதும் சத்தம் நிற்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உன் அம்மா ஆடிக்கொண்டிருக்கிறாள்!

முட்டிவலிக்கான உடற்பயிற்சிக் காணொளி முடிந்ததும் தானாக வந்த பாட்டாம். தென் அமெரிக்க நாட்டுப்புற அக்கார்டியனும் குழலும் சுரண்டு வாத்தியமும், கூடவே கணினியில் செய்த தாளமும். அதற்குள் தலையெல்லாம் சோப்பு நுரையோடு எதிர்வீட்டுக்காரர் மேலே வந்து, அக்கா பாட்டு கேட்டதுக்கா எங்க தண்ணிய நிறுத்துனீங்க என்று கேட்க, மெக்கானிக் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எனக்குப் புடிச்சது எதுவுமே உங்க காதுக்கு ரிப்பேர்தான் என்று சொல்லி, பாட்டை நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து மாடிப்படி ஏறவில்லை. என்னோடு பேச்சு, சாப்பாடு ஆறுது என்பதோடு சரி.

உண்மையை ஆராயும் பொருட்டு அதே பாட்டை நானும் காதில் மாட்டிக் கேட்டேன். முதல் தடவை குறைகளைக் குறித்துக்கொண்டேன். மறுதடவை ஒன்றும் அகப்படவில்லை. அதற்கடுத்த தடவை என் குதிகால் என் அனுமதியின்றி இயங்கலாயிற்று. பாட்டில் பழுதில்லை என்று அம்மாவிடம் முறைப்படி தெரிவித்தேன். சர்டிபிகேட்டுக்கு நன்றி என்றாள். ஆகவே நீதான் அவளிடம் பேச வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாதே. மாடித்தரை சொரசொரப்பு, ஆடுவதற்கென்றே மெல்லிய காலணி கிடைக்குமாம், வாங்கி அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு, காதருகே போனை வைத்துக்கொண்டு உறங்காதே. எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

இணைப்பு:
1. தண்ணீர் நின்றமைக்காக லிஃப்டில் நான் ஒட்டிய மன்னிப்பு அறிவிப்பின் நகல்.
2. அம்மாவின் பாத அளவு, அவள் செருப்பை வைத்து வரைந்தது.
3. மற்றொரு பாத அளவு, சற்றுப் பெரியது. இதைப் பற்றி இப்போதைக்கு அம்மாவிடம் மூச்சு விட வேண்டாம்.