உடைத்த முத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் வாலு மகள் எழுதுவது. வால் நலம்; உன் முழங்கால் நலமா?

நான் டைப் அடிக்கும் அலுவலகத்தின் பேராயர் ஓய்வு பெற்றார். முதல் பேராயர் காலத்து வழக்கப்படி, அவருடைய முத்திரையை எல்லார் முன்னும் சுத்தியலால் உடைத்தார்கள். இனி அதை வைத்து யாரும் உத்தரவு போட முடியாதாம்.

முந்தின நாள்தான் அதை ஒரு வெற்றுத்தாளில் குத்தி வைத்திருந்தேன், ‘உங்கள் மகளே புதுப் பேராயர்’ என்று எழுதி உன்னை மிரட்ட. இன்று, என் மேசையிலிருந்து எடுத்த அந்தத் தாளோடு அலுவலகச் செயலாளர் வந்தார்.

“பழைய தேதி போட்டு, நம்ம ஆயரை வேலையை விட்டு நீக்கறதா ஒரு உத்தரவு டைப் பண்ணு பாப்பா. குத்தினது யாருன்னு நான் சொல்லமாட்டேன்,” என்று சிரித்தார். ஒரு வாரம் நேரம் கேட்டிருக்கிறேன்.

நீ அனுப்புவதாகச் சொன்ன கம்பளிச் சட்டை வேண்டாம். ‘உடனே புறப்பட்டு வா’ என்று ஒரு வரி அனுப்பு; அதைக் காட்டி, எதையும் டைப் பண்ணாமல் கிளம்பிவிடுகிறேன். முத்திரை வேண்டாம்மா, உன் கையெழுத்து போதும்.

அவசரத்தில்,
வாலு