தோசைக்கல்லில் ஓடிய துளிகள்

மாசி 9, புதன், 1968

கல் கோணல் இல்லை என்று இன்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மதினி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த தோசைக்கல்லைக் காயவைத்து அம்மா தண்ணீர் தெளித்தாள். துளிகள் முத்தாகத் திரண்டு ஒரே பக்கமாக ஓடின.

"கோணக்கல்லக் குடுத்து விட்டிருக்காக ஒங்க வீட்டுல. நாளைக்கே திருப்பி அனுப்பிரு."

மதினிக்குக் கண் கலங்கிவிட்டது.

கொதிக்கும் இரும்பைத் துளி தொடுவதில்லை, தன் ஆவியின் மேலேயே மிதக்கிறது என்று படித்திருக்கிறேன். கல்லில் மீன்செதில் போல ஒரு பக்கம் சாய்ந்த, அரத்தால் ராவிய கோடுகள் இருந்தன. அவைதான் ஆவியை ஒரு பக்கமாகத் திருப்பித் துளிகளைத் தள்ளியிருக்கும். சொன்னால் படித்த திமிர் என்பாள்.

சாயங்காலம் ஆறிய கல்லை அடுப்பில் வைத்து, தீ மூட்டாமலே மதினி நடுவில் தண்ணீர் விட்டாள்.

"கோணல்னா இப்பவும் ஓடணும்ல, அயித்தை?"

தண்ணீர் விட்ட இடத்திலேயே நின்றது. அம்மா மாவை எடுத்துவரச் சொன்னாள். இரவு எல்லாரும் அந்தக் கல்லில் சுட்ட தோசையைத்தான் சாப்பிட்டோம்.